மதகில் நின்ற வலை

மதகுப் பலகைகளின் குறுக்கே சங்கிலி. சங்கிலியில் புத்தம்புதுப் பூட்டு.

சித்திரைப் பிறப்பான விஷுவன்று காலை வரப்போடு வேகமாக வந்த பிலோமினா அப்படியே நின்றாள். பூட்டுகூட அவளை அவ்வளவாகத் திடுக்கிட வைக்கவில்லை. மதகின் வாயில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே, வாவச்சனின் வலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"எடா வாவச்சா! வெளிய வாடா!"

காவல் குடிசையின் ஓலைத் தட்டி விலகியது. வாவச்சன் வந்தான். முப்பது வயது. போன நவம்பரில் இந்த வயலைக் குத்தகைக்கு எடுத்தபோது புது மாப்பிள்ளை மாதிரி திரிந்தவன். இப்போது கன்னம் ஒட்டி, கண் சிவந்து, ஆளே பாதியாகியிருந்தான்.

"சேச்சி, கோவப்படாதீங்க. அமாவாசை வரைக்கும் டைம் குடுங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

"குத்தகை நேத்தோட முடிஞ்சுது."

"முடிஞ்சுது. இல்லேங்கல."

"அப்புறம் வலை ஏன் நிக்குது?"

வாவச்சன் மதகுக்கு வெளியே கிடந்த உப்பங்கழிக் காயலைப் பார்த்தான்.

வலை நின்றால் எங்கள் கொச்சுதுருத்துத் தீவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். வயலுக்குள் நீந்துவதெல்லாம் குத்தகைக்காரனுடையது. வேறு யாரும் கால் நனைக்கக் கூடாது. விஷுவன்று காலை அவனே வலையை அவிழ்ப்பான். அந்த நிமிடத்திலிருந்து மிச்சமிருக்கும் மீன் ஊருக்குச் சொந்தம். எந்தக் கரைக்காரன், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவன் என்ற கேள்வியே இல்லை. கூடையோடு இறங்க வேண்டியதுதான். இதற்குக் கலக்கல் என்று பெயர். ஜனங்கள் சேற்றை மிதித்துக் கலக்கிக்கொண்டிருக்கும்போதே மதகு வழியாக உப்புத் தண்ணீர் காயலுக்கு வடியும். வெயிலில் வயல் காயும். காய்ந்த மண்ணை அள்ளிக் குவியல் குவியலாக மேடு போட்டால், ஜூன் மழை அதிலிருக்கும் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். அப்புறம் அந்த மேட்டில் நெல். அறுத்தபிறகு மறுபடி உப்புத் தண்ணீர், மறுபடி இறால்.

எல்லாம் அந்த வலையை அவிழ்ப்பதில்தான் தொடங்குகிறது. அடுத்தவன் வலையை யாரும் தொட மாட்டார்கள். வரப்புச் சண்டையில் அரிவாள் தூக்கியவர்கள்கூட வலையைத் தொட்டதில்லை.

"போன வருஷமும் இதே கதைதான்டா," என்றாள் பிலோமினா. "அப்ப குத்தகை எடுத்த அக்கரைக்காரனும் ஒரே ஒரு அமாவாசைதான் கேட்டான். பாவம்னு விட்டோம். அவன் வடிச்ச மறுநாளே கோடை மழை. மண்ணு காயல. மேடு போடல. ஒரு மணி நெல்லு விதைக்கல. இந்த வருஷமும் போச்சுன்னா அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவள் சொன்னது சும்மா இல்லை. உப்பைத் தாங்கி ஆள் உயரம் எழும் எங்கள் பொக்காளி நெல்லின் விதை, சுற்றுத் துருத்துகளில் அவள் வீட்டுப் பத்தாயத்தில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அதுவும் இரண்டு வருடப் பழசு. போன வாரம் ஒரு பிடி எடுத்து ஈரச் சாக்கில் கட்டி வைத்துப் பார்த்தாள். பாதி முளைத்தது. பாதி அழுகியது. அடுத்த விஷுவுக்கு அந்தப் பாதியும் முளைக்காது.

"சேச்சி, நான் சொல்றதையும் கேளுங்க." வாவச்சன் அவள் எதிரில் வந்து நின்றான். "ஜனவரியில வெள்ளைப்புள்ளி நோய் வந்து மொத்த இறாலும் செத்து மிதந்துது. நீங்களும்தானே மூக்கைப் பொத்திக்கிட்டு வாரிக் குடுத்தீங்க? மறுபடி கடன வாங்கிக் குஞ்சு விட்டேன். இப்பதான் விரல் நீளத்துக்கு வந்திருக்கு. இன்னிக்குக் காயல் நல்லா வத்தற இறக்கம் பகல்ல. பகல்ல இறால் சேத்துக்குள்ள புதைஞ்சுக்கும். வலைக்கு ஒண்ணும் வராது. வலையை அவுத்தா ஊர்க்காரங்க கூடைக்குத்தான் போகும். அமாவாசை ராத்திரி இறக்கம் ஒண்ணே ஒண்ணு கிடைச்சாப் போதும். இல்லேன்னா படகை வித்துட்டுத் துபாய்க்குப் போய்ச் செங்கல் சுமக்க வேண்டியதுதான்."

பிலோமினாவுக்குத் தொண்டைவரை வந்த வசவு உள்ளேயே நின்றுவிட்டது. அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினையே.

அவள் தென்கிழக்கே பார்த்தாள். வானத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மேகத் திட்டு. பௌர்ணமி போய்ச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. இன்றைக்குத் தண்ணீர் நன்றாக இறங்கும். நாளை குறையும். மறுநாள் அதைவிடக் குறையும். இன்றைய இறக்கத்தை விட்டால் வயலை வடிக்க அமாவாசைவரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மழை வந்தால்?

அப்போது வரப்பின் மறுகோடியில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஊர் வந்துகொண்டிருந்தது.

*

கூடை, குடம், கோணிப்பை, பழைய கொசுவலை என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். அக்கரையிலிருந்து மூன்று படகுகள் நிறைய ஆட்கள். முன்னால் அம்புஜாக்ஷி. இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுநுனியில் மண்கலயம். தண்ணீரில் கலயத்தை மிதக்கவிட்டு, வெறும் கையால் துழாவிக் கரிமீன் பிடிப்பதில் அவளை அடிக்க இந்தக் காயலில் ஆளில்லை. வாயிலும்தான்.

"என்னடா வாவச்சா, வலையை மாலையா போட்டு வச்சிருக்கே? மதகுக்குக் கல்யாணமா?"

கூட்டம் சிரித்தது. வாவச்சன் சிரிக்கவில்லை.

"வலை நிக்குது. யாரும் இறங்காதீங்க," என்றான்.

சிரிப்பு பட்டென்று நின்றது.

"விஷுவுக்கு மீன் இல்லாம வீட்டுக்குப் போகச் சொல்றியா?" பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க வீட்டுல தேங்காய் அரைச்சு வச்சாச்சு!"

"அரைச்சதை முகத்துல பூசிக்க. நல்ல நிறம் வரும்," என்றாள் அம்புஜாக்ஷி திரும்பாமலே.

வயல் சங்கத்தின் தலைவர் சகதேவன் குடையை மடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். இந்த வயலில் பெரிய பங்கு அவருடையது. செயலாளர் பிலோமினா. மூன்று வருடமாக இருவரும் எதிலும் ஒத்துப்போனதில்லை.

"பிலோமினா, பையன் கேக்கறதுல என்ன தப்பு? குடுத்துட்டுப் போவோம்."

"மழை வந்தா, சேட்டா?"

"வரட்டுமே. நெல்லுல என்ன கிடைக்குது? அறுக்க ஆள் இல்ல. கழுத்தளவு தண்ணியில நின்னு கதிரை மட்டும் அறுக்கணும். வர்றது கூலிக்கே காணாது. எர்ணாகுளத்திலேர்ந்து ரெண்டு பேர் வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க. வருஷம் பூரா உப்புத் தண்ணிய நிறுத்தினா வருஷம் பூரா இறால். கையில பணம்."

"வடக்கு வயல்ல அப்படித்தான் நிறுத்தினாங்க," என்றாள் பிலோமினா. "வாங்க, திரும்பிப் பாருங்க."

திரும்பிப் பார்க்காமலே எல்லோருக்கும் தெரியும். வடக்கு வயலை ஒட்டிய கரையில் தென்னைகள் தலையில்லாமல் நின்றன. உப்பு ஏறி ஏறிச் சுவரின் பூச்சு உதிர்ந்து வீடுகள் செங்கல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. வைக்கோல் இல்லாததால் மாடு போனது. மாடு போனதால் பால்காரன் வருவது நின்றது. கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. அறுப்பு முடிந்து புத்தரிசி பொங்கிக் கொண்டாடும் கோயில் விழாவுக்கு அந்தக் கரைக்காரர்கள் மூட்டை அரிசி வாங்கிக்கொண்டு வருகிறார்கள். மூன்று வருடமாக அங்கே யாரும் பெண் கொடுக்கவில்லை.

"அங்க கட்டிக் குடுத்த என் அக்கா மக, தலைக்குக் குளிக்கணும்னா படகேறி எங்க வீட்டுக்கு வர்றா," என்றாள் அம்புஜாக்ஷி. "சகதேவன் சேட்டனுக்கும் ஒரு பையன் இருக்கான். இந்த வயலையும் உப்பாக்கட்டும். அப்புறம் எர்ணாகுளத்துக்காரங்ககிட்டேயே போய்ப் பொண்ணு கேக்கட்டும்."

சகதேவன் குடையை விரித்தார். மடக்கினார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மதகின் வெளிப்புறம், காயலில், தண்ணீர் மெல்ல இறங்கத் தொடங்கியிருந்தது. தூணில் ஈரக்கோடு ஒரு சாண் மேலே தெரிந்தது. உள்ளே வயலில் தண்ணீர் அசையாமல் நின்றது. நடுவில் பூட்டிய பலகைகள்.

திடீரென்று தொப்பென்று ஒரு சத்தம்.

அக்கரைக்காரன் ஒருவன் பொறுமை இழந்து வயலுக்குள் குதித்துவிட்டான். முழங்கால் தண்ணீர். "குத்தகை முடிஞ்சுது! இது ஊர் மீனு!" என்று கத்திக்கொண்டே கூடையை அமுக்கினான்.

வாவச்சன் குடிசைச் சுவரில் சாத்தியிருந்த துடுப்பைப் பிடுங்கினான். ஒரே தாவல். வரப்பின் விளிம்பில் நின்று அதை ஓங்கினான்.

"ஏறுடா மேல! வலை நிக்குதுல்ல? ஏறு!"

துடுப்பு இறங்கினால் மண்டை பிளக்கும். பிலோமினா நடுவில் பாய்ந்தாள். வாவச்சனின் மணிக்கட்டு அவள் கையில்.

அவள் பார்வை தண்ணீரில் விழுந்தது. குதித்தவனின் கால் பட்ட இடத்தில் சேறு புகை மாதிரி கிளம்பிக்கொண்டிருந்தது. அந்தப் புகைக்குள்ளிருந்து கண்ணாடித் துண்டுகள் மாதிரி ஏதோ துள்ளித் துள்ளிச் சிதறின.

இறால்.

பட்டப்பகலில்.

*

"வாவச்சா. பகல்ல இறால் ஏன் வலைக்கு வராது?"

"அதான் சொன்னேனே. சேத்துக்குள்ள படுத்துக்கும்."

"சேத்தை மிதிச்சா?"

வாவச்சன் அவளைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். துடுப்பு தானாகத் தாழ்ந்தது.

"கிளம்பும்," என்றான் மெதுவாக. "இறக்கத்துல தண்ணி ஓடினா அதோடயே போகும். ஆனா இவ்வளவு பெரிய வயலை யாரு மிதிக்கிறது? நானும் என் தம்பியுமா?"

பிலோமினா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். நூறு பேராவது இருப்பார்கள். இருநூறு கால்கள்.

"எல்லாரும் கேளுங்க! வலை நிக்கட்டும். அவுக்க வேண்டாம். வாவச்சன் பலகையைத் தூக்குவான். நாம எல்லாரும் தெக்குக் கோடியில இறங்கி, வரிசையா மிதிச்சுக்கிட்டே மதகுப் பக்கம் வருவோம். இறால் அவன் வலைக்குப் போகட்டும்."

நாலா பக்கமும் கூச்சல்.

"நாங்க மிதிச்சு அவன் வலையை ரொப்பணுமா? நல்லாருக்கே!"

"கூலி யாரு தருவா?"

"சேச்சி, வெயில்ல மூளை உருகிடுச்சா?"

அம்புஜாக்ஷி முன்னால் வந்தாள். கண்ணில் கேலி இல்லை. "பிலோமினா, இது வரைக்கும் இந்தத் துருத்துல கலக்கல் ஊருக்காக நடந்திருக்கு. குத்தகைக்காரனுக்காக நடந்ததில்ல. இன்னிக்கு இவனுக்கு மிதிச்சா அடுத்த வருஷக்காரனும் கேப்பான்."

"அம்புஜாக்ஷி சேச்சி, நீங்க சொல்லுங்க. மதகைத் திறந்ததும் கரிமீன் எந்தப் பக்கம் ஓடும்?"

"எந்தப் பக்கமா? தண்ணிக்கு எதிர்ப் பக்கம். இழுக்கற தண்ணிக்கு மூஞ்சியைக் காட்டும் அது. இது தெரியாமலா நான்..." அம்புஜாக்ஷி நிறுத்தினாள். கலயத்தை ஒருமுறை சுற்றினாள். "ஓ."

"இறால் தண்ணியோட போகும், அது அவனுக்கு. மீன் தண்ணிய எதிர்த்து வரும். நேரா உங்க கைக்கு."

"கணம்பு மீனு?"

"எல்லாம் உங்களுக்கு. வலை நிக்கும்போதே."

கூட்டத்தில் முணுமுணுப்பு. வாவச்சன் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். பிலோமினா அவன் பக்கம் நெருங்கிக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. ஜனவரியில நோய் ஏன் வந்துச்சு?"

"விதி."

"விதி இல்லடா. நெல்லு இருந்தாத்தான் அறுத்தப்புறம் தாளு தண்ணியில அழுகும். அதைத் தின்னுதான் உன் இறாலு வளரும். போன வருஷம் நெல்லே இல்ல. வெறும் உப்புல விட்டே. உங்க அப்பன் காலத்துல இந்த வயல்ல நோய்னு ஒண்ணு கேட்டிருக்கியா?"

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

"வலைக்கு ஒண்ணும் வரலேன்னா?"

"வரலேன்னா என் பங்கு வயலை அடுத்த நவம்பர்ல சும்மா எடுத்துக்க. இவங்க எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

வாவச்சன் ஒரு பெருமூச்சு விட்டான். பனியனுக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்தான்.

*

மேல் பலகை வந்தது. அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. தண்ணீர் சரசரவென்று வலைக்குள் பாயத் தொடங்கியது. அடிப் பலகையில் வந்து சிக்கியது வினை. ஆறு மாதம் உப்பில் ஊறி, சிப்பி ஒட்டிக் கல்லோடு கல்லாக இறுகிக் கிடந்தது. அது வராவிட்டால் வயலில் கணுக்கால் தண்ணீர் அப்படியே நிற்கும். மண் காயவே காயாது.

வாவச்சனும் அவன் தம்பியும் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். அசையவில்லை. வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. உச்சி சாய்ந்தால் ஏற்றம் திரும்பும். காயல் மறுபடி உள்ளே வரப் பார்க்கும்.

"அடியில சிப்பியை வெட்டி விடணும்," என்றான் வாவச்சன். வெட்டுக்கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆள் ஆழமுள்ள மதகுக் குழிக்குள் இறங்கினான். மூழ்கினான்.

குமிழிகள் வந்தன. நின்றன.

வரப்பில் இருந்த நூறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். மதகின் இழுப்பு எப்படிப்பட்டது என்று தெரியாதவர்கள் அங்கே யாருமில்லை.

"ரொம்ப நேரமாச்சு," என்றார் சகதேவன்.

அம்புஜாக்ஷி கலயத்தின் கயிற்றை உருவி எறிந்தாள். அடுத்த கணம் அவள் தலை தண்ணீருக்குள். ஒரு பெரிய சுழிப்பு. பலகையின் ஒரு முனை மேலே எகிறியது. கூடவே இரண்டு தலைகள்.

"உள்ளங்கை பலகைக்கு அடியில மாட்டிக்கிச்சு," என்று இருமினாள் அம்புஜாக்ஷி, வாவச்சனைத் தலைமயிரோடு பிடித்து வரப்பில் போட்டுக்கொண்டே. "கையை விடாம பலகையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான் கடங்காரன். ஏண்டா, புதுப் பொண்டாட்டியா அது?"

அவன் கையில் சிப்பி கிழித்த கோடு. ரத்தம். ஆனால் பலகை வந்துவிட்டது. வயலின் தண்ணீர் ஓவென்று இரைந்துகொண்டு காயலுக்குப் பாய்ந்தது.

சகதேவன் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். எல்லோரும் பார்த்தார்கள்.

"என்ன பார்வை? தெக்குக் கோடிக்கு நடங்க," என்றார் சிடுசிடுப்பாக. "நேரம் போகுதுல்ல."

*

கலக்கல் என்றால் கலக்கல்தான். தெற்குக் கோடியிலிருந்து ஒரே வரிசை. முழங்கால் சேறு. மிதி, இழு, மிதி, இழு. பாட்டு இல்லை, வசவுதான் இருந்தது. "வரிசையை விடாதடீ!" "உன் காலா அது, தூணா?" "ஐயோ, நண்டு!" தண்ணீர் காப்பி நிறமானது. கரிமீன்கள் வெள்ளித் தட்டுகள் மாதிரி எதிரே வந்து கால்களில் மோதின. கைகள் பாய்ந்தன. கூடைகள் கனத்தன. சகதேவன் இரண்டு முறை விழுந்தார். இரண்டாம் முறை எழுந்தபோது அவர் மடிக்குள் ஒரு மீன் துள்ளியது. அது தானாக வந்ததா, அவர் பிடித்ததா என்று இன்றுவரை சர்ச்சை உண்டு.

பிலோமினா கூடை எடுக்கவில்லை. வரிசையின் நடுவில் மிதித்துக்கொண்டே மதகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாவச்சன் வலையின் வால் முடிச்சைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். முதல் முறை தூக்கினான். இலைகள், பாசி, நாலைந்து இறால். அவன் முகத்தைத் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது. அவள் குரல் கொடுத்தாள்.

"இன்னும் நெருங்கல! மிதிங்க! மிதிங்க!"

இரண்டாம் முறை தூக்கினான். கொஞ்சம் கனம்.

வரிசை வயலின் பாதியைத் தாண்டியது. சேற்றுப் புகை முன்னால் உருண்டு மதகைத் தொட்டது. மூன்றாம் முறை அவனால் தனியாகத் தூக்க முடியவில்லை. தம்பியைக் கூப்பிட்டான். இருவருமாக இழுத்துக் கொட்டியபோது குடிசையின் முன்னால் தரை உயிரோடு துடித்தது.

வாவச்சன் எழுந்து நின்றான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான். என்ன கத்தினான் என்று தண்ணீரின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

அமாவாசை ராத்திரிக்கு அவன் எதிர்பார்த்திருந்த அளவு வரவில்லை. முக்கால்வாசிதான் என்று அவனே பிறகு சொன்னான். ஆனால் படகு அவனிடமே இருக்கும், அதற்குப் போதும்.

வெயில் சாய்ந்ததும் ஏற்றம் திரும்பியது. பலகைகளை அவசர அவசரமாக இறக்கி, இடுக்குகளில் சேற்றையும் வைக்கோல் பிரியையும் அடைத்தார்கள். காயல் வெளியே மோதியது. உள்ளே ஒரு சொட்டும் வரவில்லை. ஏறக்குறைய ஒரு வருடமாக ஆகாயத்தைப் பார்க்காத மண், கறுப்பாக, பளபளவென்று, கொக்குகளோடு கிடந்தது.

எல்லோரும் கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு அண்ணாந்தார்கள். மேகத் திட்டு இப்போது தலைக்கு மேலேயே வந்திருந்தது.

"பெஞ்சுடுமோ?" என்றான் வாவச்சன்.

"வாயை மூடு," என்றாள் பிலோமினா.

அன்று பெய்யவில்லை. மறுநாளும் பெய்யவில்லை. மேகம் எர்ணாகுளம் பக்கம் போய் அங்கே கொட்டியதாகச் சொன்னார்கள். அடுத்தடுத்த நாள் இறக்கங்களில் மிச்சத் தண்ணீரும் போனது. வயலில் முதலில் நடுவிலும் பிறகு ஓரங்களிலும் வெடிப்பு விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிலோமினா மண்வெட்டியோடு வந்தாள். வரப்பில் ஏற்கெனவே ஆள் இருந்தது. கையில் கட்டுப் போட்ட வாவச்சன், பக்கத்தில் அவன் தம்பி.

"ஒரு கைதான் வேலை செய்யும், சேச்சி. பாதிக் கூலி குடுத்தாப் போதும்."

"கூலி வேறயா உனக்கு? நெல்லு விளைஞ்சாத்தான்டா நவம்பர்ல நீ குத்தகை எடுக்க முடியும்."

"அப்ப எனக்குத்தானே குத்தகை?"

"முதல்ல வெட்டு."

அவள் மண்வெட்டியை ஓங்கிப் போட்டாள். சளக்கென்ற சேற்றுச் சத்தமில்லாமல் இறங்கியது. தூக்கிப் புரட்டினாள். மண் வழியவில்லை, சரியவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

மேடு நின்றது.